ஷார்ஜால வித்த டூப்ளிகேட் பையும் தாராவில இருக்கிற டிரேட்மார்க் பேப்பரும்

போன வருஷம் ரம்ஜான் முடிஞ்ச வாரத்துல, தாராவில லெதர் பை தைக்கிற எங்க சித்தப்பா வாட்ஸ்அப்புக்கு ஒரு போட்டோ வந்துச்சு, கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ், பேசினது நாகர்கோவில் பக்கத்துக்காரம்மா, இப்ப ஷார்ஜால இருக்காங்க. "அண்ணாச்சி, பை வாங்கி ரெண்டு மாசம் கூட ஆவல, ஜிப்போட ரன்னர் கையோட வந்துட்டு, மேல உரிஞ்சு உள்ள துணி தெரியுது, லேபிள்ல உங்க நம்பர் இருந்துச்சு அதான் சொல்லுதேன், நம்ம ஊர் ஆளு தச்சதுன்னு நம்பி வாங்கினேன்." சித்தப்பா அந்த போட்டோவ பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தாரு. பையில இருக்கிற பேரு எங்க ஆச்சி பேரு. லேபிள்ல இருக்கிற போன் நம்பர் சித்தப்பா நம்பர். ஆனா அந்தப் பைய அவர் தைக்கல, அந்த மாடல்ல ஒரு பீஸ் கூட அவர் ஷார்ஜாவுக்கு அனுப்பினதில்ல.

நான் மும்பைல ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல டாகுமென்ட் வேலை பாக்குறேன், பதினாலு வருஷமாச்சு, நவா சேவா போர்ட் வழியா போற மாலுக்கு ஷிப்பிங் பில், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் ரெடி பண்றதுதான் நம்ம பொழப்பு. தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில் பக்கம் நம்ம ஆளுங்க லெதர் பை, பெல்ட், முறுக்கு, அப்பளம், மசாலான்னு ஏதாவது ஒண்ண சின்னதா வெளிநாட்டுக்கு அனுப்ப ஆரம்பிச்சா என்கிட்ட வந்து கேக்குறது வழக்கம். அவங்க எல்லாரும் ஒரு நாள் கேக்குற கேள்விதான் சித்தப்பாவும் அன்னைக்குக் கேட்டாரு, "நான்தான் பேர பதிஞ்சு வச்சிருக்கனே, சர்டிஃபிகேட் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கனே, அப்புறம் அவன் எப்படி என் பேர்ல விக்கலாம்?" இந்த ஒரு கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை முழுக்க பதில், ஆரம்பத்துல இருந்து சொல்றேன், ஏன்னா இதுல பாதிப் பேருக்கு முதல் படியே தப்பா புரிஞ்சிருக்கு.

டிரேட்மார்க்னா என்ன? இந்த சரக்கு இன்னார்கிட்ட இருந்து வருதுன்னு வாங்குறவங்களுக்குக் காட்டுற அடையாளம், அவ்வளவுதான். பேரா இருக்கலாம், லோகோவா இருக்கலாம், ரெண்டும் சேர்ந்ததா இருக்கலாம். ஷார்ஜாக்காரம்மா நம்ம சித்தப்பாவ நேர்ல பாத்ததே இல்ல, ஆனா அந்தப் பேரப் பாத்துட்டு காசு குடுத்தாங்க, பை பிஞ்சதும் அதே பேர வச்சு நம்மகிட்ட சண்டைக்கு வந்தாங்க. பேருக்கு வர்ற நல்லதும் கெட்டதும் பேருக்குச் சொந்தக்காரன் தலையிலதான் வந்து விழும், அதனாலதான் அத இன்னொருத்தன் எடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. நம்ம நாட்டுல அது 1999-ம் வருஷ டிரேட் மார்க்ஸ் சட்டம், 2003 செப்டம்பர்ல இருந்து அமல்ல இருக்கு.

இப்ப "டூப்ளிகேட்"ங்கிற ஒரே வார்த்தைய நம்ம ஆளுங்க மூணு நாலு விஷயத்துக்குச் சொல்றாங்க, அத முதல்ல பிரிச்சுக்கணும், ஏன்னா ஒவ்வொண்ணுக்கும் வழி வேற வேற.

ஒண்ணு, அச்சு அசலா அதே பேர், அதே லோகோ, அதே வகை சரக்கு, ஓனர் அனுமதி இல்லாம போட்டது, இதுதான் கவுன்ட்டர்ஃபீட். இங்க மார்க்கெட்ல ஃபர்ஸ்ட் காப்பின்னு சொல்லி விக்கிறாங்களே அதுவும் இதேதான், ஃபர்ஸ்ட்னு பேர் வச்சதால அது ஒண்ணும் லீகல் ஆயிடாது. ரெண்டாவது, பேர்ல ஒரு எழுத்த மாத்தி, கலர அதே மாதிரி வச்சு, தூரத்துல இருந்து பாத்தா அதேதான்னு தோண வைக்கிறது. இதுவும் தப்புதான், ஆனா குழப்பம் வருமா வராதான்னு கோர்ட்ல வாதாடணும், நாளாகும். மூணாவது கொஞ்சம் சிக்கலானது, சரக்கு ஒரிஜினல்தான், நாமளே தச்சதுதான், ஆனா மலேசியாவுக்கு அனுப்பினத ஒருத்தன் வாங்கி துபாய்ல கம்மி விலைக்கு விக்கிறான், இத கிரே மார்க்கெட்னு சொல்வாங்க, இது கவுன்ட்டர்ஃபீட் இல்ல, இதுக்கு ஒவ்வொரு நாட்டுலயும் ஒவ்வொரு ரூல். நாலாவது, பிராண்ட் பேரே இல்லாம எந்த நாட்டுல செஞ்சதுங்கிறதையே பொய்யா போடுறது. 2009-ல நைஜீரியால மலேரியா மாத்திரை பிடிபட்டுச்சு, டப்பால "மேட் இன் இந்தியா"ன்னு போட்டிருந்துச்சு, அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விசாரிச்சதுல அது சீனால செஞ்ச போலி மாத்திரைன்னு தெரிஞ்சு, இந்தியா சீனாகிட்ட கண்டனம் தெரிவிச்சது. பை பிஞ்சா தச்சுக்கலாம், மாத்திரை போலின்னா உயிர் போகும், அதனால இத வெறும் கம்பெனிக்காரங்க பணத் தகராறுன்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வருது.

எவ்வளவு பெரிய யாபாரம் இதுன்னு ஒரு கணக்கு சொல்றேன். வளர்ந்த நாடுகளோட பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடியும் ஐரோப்பிய யூனியனோட அறிவுசார் சொத்து அலுவலகமும் சேர்ந்து போட்ட கணக்குப்படி 2021-ல உலகம் பூரா நாடு விட்டு நாடு போன போலி சரக்கோட மதிப்பு கிட்டத்தட்ட 467 பில்லியன் டாலர், உலக இறக்குமதில 2.3 சதவீதம். பிடிபடுறதுல துணி, செருப்பு, தோல் சாமான்தான் முன்வரிசை. அதாவது நம்ம ஆளுங்க தொழில்தான்.

அந்த ஷார்ஜா பை கடைசில எங்க கைக்கே வந்துச்சு, லீவுல வந்த சொந்தக்காரப் பையன்கிட்ட அந்தம்மா குடுத்து விட்டாங்க. காரகானால, அதாவது நம்ம தையல் பட்டறைல, கட்டிங் டேபிள் மேல நம்ம பையையும் அதையும் பக்கத்துல பக்கத்துல வச்சோம். நம்மது ஆட்டுத்தோல், வெட்டின ஓரத்துல நார் நாரா தெரியும், அதுக்கு மேல ரெண்டு கோட் எட்ஜ் கலர் கையால அடிச்சது. அது ரெக்சின், ஓரத்துல வெள்ளைத் துணி எட்டிப் பாக்குது. நம்மதுல ஒரு இஞ்சுக்கு எட்டுத் தையல், அதுல அஞ்சுதான். மோந்து பாத்தா பிளாஸ்டிக் வாடை. ஆனா எம்போசிங்ல, அதாவது பேர அமுக்கிப் பதிச்ச இடத்துல, விரல வச்சுத் தடவின சித்தப்பா அப்படியே நின்னுட்டாரு. அந்தப் பேர பதிக்கிற அச்சு, எங்க பித்தளை டை, பல வருஷம் முன்னாடி ஒரு தடவ கல்லுத் தரைல விழுந்து ரெண்டாவது எழுத்தோட கால் கொஞ்சம் மழுங்கிப்போச்சு, மாத்தணும் மாத்தணும்னு சொல்லியே வருஷம் ஓடிடுச்சு. அந்த டூப்ளிகேட் பையிலயும் ரெண்டாவது எழுத்தோட கால் அதே இடத்துல மழுங்கியிருந்துச்சு. நம்ம பைய எவனோ வாங்கி, போட்டோ எடுத்து, அத வச்சு டை செஞ்சிருக்கான், எது டிசைன் எது அடிபட்டதுன்னு கூட தெரியாம. பின்னாடி வக்கீல் கிட்ட காட்டினப்போ, இது தற்செயலா ஒத்துப்போன பேர் இல்ல, பாத்து காப்பி அடிச்சதுதான்னு நிரூபிக்க இந்த மழுங்கல் ஒண்ணே நல்ல சாட்சின்னு அவரும் சொன்னாரு.

சரி, இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். சித்தப்பாகிட்ட இருந்தது இந்திய டிரேட்மார்க். டிரேட்மார்க் உரிமைங்கிறது எந்த நாட்டுல பதிஞ்சீங்களோ அந்த நாட்டு எல்லையோட நிக்கும், விசா மாதிரி நெனச்சுக்கோங்க, ஒரு நாட்டு விசாவ காட்டி இன்னொரு நாட்டுக்குள்ள போக முடியாதில்ல. அறிவுசார் சொத்து பத்தின உலக வர்த்தக அமைப்போட டிரிப்ஸ் ஒப்பந்தம், 1995-ல இருந்து அமல்ல இருக்கு, அதுல கவுன்ட்டர்ஃபீட் சரக்குன்னா என்னன்னு ஒரு விளக்கமே குடுத்திருக்காங்க, அதுல கடைசியா வர்ற விஷயத்ததான் எல்லாரும் விட்டுடுறாங்க: சரக்கு இறங்குற நாட்டு சட்டப்படி அந்த மார்க்கோட உரிமை மீறப்பட்டிருக்கணும். இறங்குற நாடு. ஷார்ஜா இருக்கிறது யுஏஇல, அதான் ஐக்கிய அரபு அமீரகம், அதனால அங்க இறங்கின பைக்கு யுஏஇ சட்டம்தான் பேசும், யுஏஇல நம்ம பேர் பதிஞ்சிருக்கா? இல்ல. அப்ப அங்க இருக்கிற கஸ்டம்ஸ்காரரோ அதிகாரியோ எந்தப் பேப்பர வச்சு அந்தக் கடைய மூடச் சொல்வாரு? நாம ஃப்ரேம் போட்ட சர்டிஃபிகேட் அவருக்கு வெறும் காகிதம். இத நான் சொன்னப்போ சித்தப்பா முகத்தப் பாக்கவே கஷ்டமா இருந்துச்சு, பத்தொன்பது வருஷமா காத்த பேரு.

இதுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு, ரொம்பப் பிரபலமான மார்க்குக்கு பதிவு இல்லாட்டியும் ஓரளவு பாதுகாப்பு உண்டுன்னு 1883-ம் வருஷ பாரிஸ் ஒப்பந்தம் வழியா வந்த விதி, ஆனா அது உலகம் பூரா தெரிஞ்ச பேருக்கு, தாராவி தொண்ணூறடி ரோட்டு காரகானாவுக்கு அத நம்பி உக்காரக்கூடாது. பிரபலமானவங்களே படாத பாடு பட்டிருக்காங்க. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் பேர சீன எழுத்துல ஒரு சீன விளையாட்டுச் சாமான் கம்பெனி பதிஞ்சு வச்சிருந்துச்சு, அவர் வருஷக்கணக்கா கேஸ் நடத்தி 2016-ல தான் அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் சீன எழுத்துப் பேர் விஷயத்துல அவர் பக்கம் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு. காரணம் என்னன்னா சீனா மாதிரி நாடுகள்ல யார் முதல்ல விண்ணப்பம் போட்டாங்களோ அவங்களுக்குத்தான் பேர். நம்ம இந்தியாவுல அப்படி இல்ல, பதியாட்டியும் முன்னாடியிருந்தே நான்தான் இந்தப் பேர்ல விக்கிறேன்னு பில்லு காட்டி நிரூபிச்சா சட்டம் காது குடுக்கும். நம்ம ஆளுங்க இங்க இருக்கிற பழக்கத்த மனசுல வச்சிக்கிட்டு "நான்தானே முதல்ல ஆரம்பிச்சேன்"னு வெளிநாட்டுலயும் போய் சொல்றாங்க, பல நாட்டுல அது செல்லாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கயே தீத்துடுறேன். ஜிஎஸ்டி சர்டிஃபிகேட்ல கடை பேர் இருக்கு, சின்னத் தொழிலுக்கான உத்யம் பதிவுல இருக்கு, எக்ஸ்போர்ட்டுக்கு வாங்குன ஐஇசி நம்பர்ல இருக்கு, அப்ப பேர் நம்மளோடதுதானேன்னு கேக்குறாங்க. இல்லீங்க. அது எல்லாம் நீங்க யாவாரம் பண்றதுக்கான நம்பர், அந்த நம்பர் எதுவும் பேர் மேல உரிமை குடுக்காது, அதுக்கு டிரேட்மார்க் பதிவுதான் வேணும், இல்லாட்டி முன்னாடியிருந்தே அந்தப் பேர்ல வித்ததுக்கு நான் சொன்ன மாதிரி ஆதாரம் வேணும். அதே மாதிரி கிளாஸ் நம்பரையும் எச்எஸ் கோடையும் ஒண்ணா போட்டுக் குழப்புறாங்க. ஷிப்பிங் பில்லுல லெதர் பைக்கு 4202-ன்னு நான் போடுறது கஸ்டம்ஸ் வரிக்கான கோடு. டிரேட்மார்க்குக்கு நைஸ் வகைப்பாடுன்னு தனியா ஒண்ணு இருக்கு, மொத்தம் 45 கிளாஸ், 34 வரைக்கும் சரக்கு, மிச்சம் சர்வீஸ். தோல் பை 18, ரெடிமேட் துணியும் செருப்பும் பெல்ட்டும் 25, மசாலா 30, தலைக்குத் தடவுற எண்ணெய் 3. நீங்க 18-ல மட்டும் பதிஞ்சுட்டு செருப்பும் விக்க ஆரம்பிச்சா செருப்புக்கு அந்தப் பதிவு காவல் நிக்காது.

இங்க பதியுறது எப்படின்னா, அதுக்கான தலைமை அலுவலகமே நம்ம ஆண்டாப் ஹில்லுல தான் இருக்கு, பௌத்திக் சம்பதா பவன்னு பேரு, தாராவில இருந்து கூப்பிடு தூரம், ஆனா இப்ப எல்லாம் ஆன்லைன்லயே போட்டுடலாம். ஃபார்ம் டிஎம்-ஏ, தனி ஆளா இருந்தாலோ சின்னத் தொழிலா இருந்தாலோ ஒரு கிளாஸுக்கு 4,500 ரூபாய், பெரிய கம்பெனின்னா 9,000. போடுறதுக்கு முன்னாடி அவங்க சைட்லயே இலவசமா தேடிப் பாக்கலாம், அதே பேர், அதே ஓசைல வேற பேர் இருக்கான்னு பாருங்க, இது ஒரு மணி நேர வேலை, இத செய்யாம போய் பின்னாடி ஆட்சேபணை வாங்கினவங்க எனக்குத் தெரிஞ்சே நாலஞ்சு பேர். அப்புறம் பரிசோதனை, அந்த ஆபீஸ் வெளியிடுற ஜர்னல்ல பேர் வரும், யாருக்காவது ஆட்சேபம் இருந்தா நாலு மாசம் டைம், எல்லாம் சரின்னா பதிவு, பத்து வருஷம் செல்லும், திரும்பத் திரும்ப புதுப்பிச்சுக்கலாம். பேர் பக்கத்துல சின்னதா டிஎம் எப்ப வேணா போடலாம், ஆனா வட்டத்துக்குள்ள ஆர் போடுறது பதிவு கைக்கு வந்த பிறகுதான், அதுக்கு முன்னாடி போட்டா சட்டப்படி தப்பு, அபராதம் உண்டு. லேபிள் அடிக்கிற ஆள் கேக்காமலே அந்த ஆர்-ஐ சேர்த்து டிசைன் குடுத்துடுவான், பாத்து எடுக்கச் சொல்லுங்க.

வெளிநாட்டுக்கு ரெண்டு வழி. நேரா அந்த நாட்டுலயே ஒரு ஏஜென்ட் வச்சுப் போடுறது ஒரு வழி. இன்னொண்ணு மாட்ரிட் முறை, இந்தியா இதுல 2013 ஜூலைல சேர்ந்துச்சு. இங்க நீங்க போட்ட விண்ணப்பத்தையோ பதிவையோ அடிப்படையா வச்சு, நம்ம ஆபீஸ் வழியாவே ஜெனிவால இருக்கிற வைப்போவுக்கு, அதாவது உலக அறிவுசார் சொத்து அமைப்புக்கு, ஒரே ஒரு விண்ணப்பம் போட்டு, எந்தெந்த நாடு வேணும்னு டிக் பண்ணலாம், கிட்டத்தட்ட 130 நாடுகள் அதுல அடங்கும். சிங்கப்பூர் 2000-லயே இருக்கு, மலேசியா 2019 கடைசில சேர்ந்துச்சு, யுஏஇ 2021 கடைசில. அடிப்படை ஃபீஸ் கருப்பு வெள்ளை மார்க்குக்கு 653 சுவிஸ் ஃபிராங்க், அதுக்கு மேல ஒவ்வொரு நாட்டுக்கும் தனி ஃபீஸ். டிக் அடிச்சா பதிவு ஆயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி பாத்து சரி இல்லைன்னும் சொல்லலாம். அதோட முதல் அஞ்சு வருஷத்துக்குள்ள இங்க இருக்கிற அடிப்படைப் பதிவு ரத்தாச்சுன்னா அதுல தொங்குற வெளிநாட்டுப் பதிவும் விழுந்துடும், அதனால இங்க இருக்கிறத முதல்ல உறுதியா வச்சுக்கணும். ஹாங்காங் இதுல வராது, சீனாவ டிக் பண்ணா ஹாங்காங்கும் சேந்து வந்துடும்னு நெனச்சு ஏமாந்தவங்க உண்டு. கல்ஃப் நாடுகளுக்குப் பொதுவா ஒரு டிரேட்மார்க் சட்டம் இருக்கு, ஆனா பதிவு ஒவ்வொரு நாட்டுலயும் தனித்தனியாதான் பண்ணணும். ஐரோப்பிய யூனியன் மட்டும் நல்ல வசதி, ஒரே பதிவு 27 நாட்டுக்கும் செல்லும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம், யாரும் உபயோகிக்காத விஷயம், ஆறு மாச முன்னுரிமை. இங்க விண்ணப்பம் போட்ட தேதில இருந்து ஆறு மாசத்துக்குள்ள இன்னொரு பாரிஸ் ஒப்பந்த நாட்டுல போட்டீங்கன்னா, அங்கயும் நீங்க இங்க போட்ட தேதிலயே போட்டதா கணக்கு. ஜனவரி 10-ம் தேதி ஆண்டாப் ஹில் கணக்குல விண்ணப்பம் ஏறிடுச்சு, நடுவுல மார்ச்ல துபாய்ல ஒருத்தன் உங்க பேர எடுத்துப் போடுறான், நீங்க ஜூன்ல போய் முன்னுரிமை கேட்டுப் போட்டா நீங்கதான் முந்தினவர். ஆறு மாசம் காசு சேக்குறதுக்கும் டைம், சாம்பிள் அனுப்பி மார்க்கெட் பாக்குறதுக்கும் டைம். சித்தப்பா இங்க பதிஞ்சு வருஷக்கணக்காச்சு, அவருக்கு அந்தக் கதவு எப்பவோ மூடியாச்சு.

பேர இங்கிலீஷ்ல மட்டும் பதியாதீங்க. அரபு நாட்டுக்கு அரபு எழுத்துலயும், சீனாவுக்கு சீன எழுத்துலயும் சேர்த்து யோசிங்க, அந்த ஊர்க்காரங்க எப்படி உங்க பேர எழுதுறாங்களோ படிக்கிறாங்களோ அதத்தான் திருடுறவன் எடுப்பான், ஜோர்டான் விஷயத்துல நடந்ததும் அதுதான்.

அப்புறம் ஏஜென்ட், டிஸ்ட்ரிபியூட்டர். இத நான் அழுத்திச் சொல்றேன். அங்க நம்ம சரக்க எடுத்து விக்கிற ஆள், நல்ல மனுஷனாவே இருக்கலாம், "நானே இங்க உங்க பேர பதிஞ்சுக்குறேன் அண்ணாச்சி, உங்களுக்கு எதுக்கு அலைச்சல்"னு சொல்வாரு. வேணாம். அவர் பேர்ல பதிஞ்சா அந்த நாட்டுல உங்க பேர் அவர் சொத்து, நாளைக்கு விலை ஒத்துவராம நீங்க வேற ஆளுக்குக் குடுத்தா, உங்க சொந்த சரக்கையே கவுன்ட்டர்ஃபீட்னு சொல்லி போர்ட்ல நிறுத்த அவரால முடியும். ஓனர் அனுமதி இல்லாம ஏஜென்ட் பதிஞ்சா அத எதிர்க்க பாரிஸ் ஒப்பந்தத்துல வழி இருக்கு, ஆனா அதுக்கு வக்கீல், காசு, வருஷம். முதல் ஆர்டர் போறதுக்கு முன்னாடியே "மார்க் என்னோடது, நீங்க விக்க மட்டும் அனுமதி, உங்க பேர்ல பதியக் கூடாது"ன்னு ஒரு பக்கத்துல எழுதிக் கையெழுத்து வாங்கிடுங்க.

பதிவு கைல வந்ததும் அடுத்த வேலை கஸ்டம்ஸ், இத பாதிப் பேர் பண்றதே இல்ல. பதிவு இருக்குங்கிறது கஸ்டம்ஸ்காரருக்குத் தானா தெரியாது, அவங்ககிட்ட தனியா பதிஞ்சு, ஒரிஜினல் எப்படி இருக்கும் டூப்ளிகேட் எப்படி இருக்கும்னு போட்டோவோட குடுக்கணும். நம்ம நாட்டுல 2007-ம் வருஷ இறக்குமதி விதிகள் இருக்கு, அதுல பதிஞ்சு வச்சா உங்க பேர்ல போலி சரக்கு நவா சேவால இறங்கும்போது நிறுத்தி உங்களுக்குத் தகவல் சொல்வாங்க, போலின்னு உறுதியானா அழிச்சுடுவாங்க, அப்படியே திருப்பி ஏற்றுமதி பண்ண விட மாட்டாங்க. அமெரிக்கால அங்க பதிஞ்ச மார்க்க கஸ்டம்ஸ்ல சேக்க ஒரு கிளாஸுக்கு 190 டாலர். சீனால இன்னொரு நல்லது, அவங்க கஸ்டம்ஸ் உள்ள வர்றத மட்டும் இல்ல வெளிய போறதையும் பாக்கும், அதனால உங்க சரக்கு சீனால விக்காட்டியும் அங்க பேர பதிஞ்சு கஸ்டம்ஸ்ல குடுத்தா, போலி செய்யுற இடத்துலயே கன்டெய்னர நிறுத்த வாய்ப்பு இருக்கு.

டூப்ளிகேட் கண்ணுல பட்டா என்ன பண்றது? முதல்ல கடைக்காரன்கிட்ட போய் சண்டை போடாதீங்க, உஷாராகி சரக்க மறைச்சுடுவான். தெரிஞ்சவங்கள விட்டு ரெண்டு பீஸ் வாங்கச் சொல்லுங்க, பில் கண்டிப்பா வேணும், கடை போர்டோட போட்டோ, தேதி, லேபிள், உள்பக்கத் தையல், ஜிப் ரன்னர்ல இருக்கிற எழுத்து எல்லாத்தையும் போட்டோ எடுத்து வைங்க. நம்ம ஒரிஜினலோட பழைய பில்லு, ஷிப்பிங் பில், டை செஞ்ச ரசீது, பழைய விளம்பரம் எது இருந்தாலும் ஒரு ஃபைல்ல போடுங்க, பேர் உங்களோடதுன்னு காட்ட அதுதான் கைகுடுக்கும். அந்த நாட்டுல பதிவு இருந்தா அந்த ஊர் வக்கீல் வழியா புகார் குடுக்கலாம், யுஏஇல 2021-ல வந்த புது டிரேட்மார்க் சட்டம் இருக்கு, துபாய் மாதிரி இடத்துல பொருளாதாரத் துறைல புகார் குடுத்தா அதிகாரிங்களே கடைல சோதனை போடுவாங்க. பதிவு இல்லாட்டி முதல்ல விண்ணப்பம் போட்டுட்டுத்தான் மத்த பேச்சு. ஆன்லைன் கடைல வித்தா அந்தந்த சைட்லயே பிராண்ட் ஓனர் புகார் குடுக்க வழி இருக்கு, அங்கயும் முதல்ல கேக்குறது பதிவு நம்பர்தான்.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். இதுவரைக்கும் நம்ம பேர அடுத்தவன் திருடுறதப் பத்திப் பேசினேன். ஆனா நம்ம தெருவுலயே வேற ஒண்ணும் நடக்குது. பக்கத்து காரகானா அண்ணன்கிட்ட ஒரு யாவாரி வந்தாரு, கைல ஒரு பித்தளை டை, ஒரு சாம்பிள் பை, ஐரோப்பால பெரிய பேர். "400 பீஸ், அட்வான்ஸ் இப்பவே, மொத்தமும் ஃபாரின் பார்ட்டிக்கு, இந்தியாவுல ஒரு பீஸ் கூட விக்க மாட்டோம், அதனால இங்க ஒரு பிரச்சனையும் வராது"ன்னாரு. அண்ணன் என்கிட்ட வந்து கேட்டாரு, சரிதானான்னு.

சரி இல்ல. நம்ம சட்டத்துல இத ரொம்பத் தெளிவா எழுதி வச்சிருக்காங்க. 29-ம் பிரிவுல, பதிஞ்ச மார்க்க போட்டு சரக்க ஏற்றுமதி பண்றதும் அந்த மார்க்க உபயோகிக்கிறதுதான்னு சொல்லியிருக்கு. 56-ம் பிரிவுல, ஏற்றுமதிக்குப் போற சரக்குல இங்க வச்சு மார்க் போட்டா அது இந்தியாவுக்குள்ள உபயோகிச்ச கணக்குதான்னு இருக்கு. 103-ம் பிரிவுப்படி பொய்யா மார்க் போட்டா குறைஞ்சது ஆறு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000-ல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம், அதுக்கும் மேல, போலி மார்க் போடுறதுக்காக டைய கைல வச்சிருக்கிறதே குற்றம், ஒரு பை கூட தைக்கலைன்னாலும். டிஎஸ்பி ராங்க்குக்குக் குறையாத ஆபீசர், டிரேட்மார்க் பதிவாளரோட கருத்த வாங்கிட்டு, வாரண்ட் இல்லாமலே சோதனை போட்டு எடுத்துட்டுப் போகலாம். ரெய்டு வர்ற அன்னைக்கு அந்த யாவாரி இருக்க மாட்டாரு, டேபிள் முன்னாடி உக்காந்திருக்கிற தையல்காரன்தான் இருப்பான், கேஸும் அவன் பேர்லதான்.

அண்ணன் அந்த ஆர்டர விட்டாரு. அடுத்த ரெண்டு வாரம் காரகானால மிஷின் ஓடல, மூணு பசங்க வேற இடத்துக்குப் போயிட்டாங்க, இத மறைச்சு எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு எழுத எனக்கு மனசு வரல.

உண்மையான பிராண்டுக்கே தச்சுக் குடுக்குற வேலையும் இருக்கு, அது நல்ல வேலை, அத எப்படிப் பிரிச்சுப் பாக்குறதுன்னா அனுமதிக் கடிதம் கேளுங்க. அதுல மார்க் ஓனர் யாரு, எந்த நாட்டுல என்ன பதிவு நம்பர், எந்த சரக்கு, எத்தன பீஸ், எந்தத் தேதி வரைக்கும்னு எழுதி ஓனர் கையெழுத்து இருக்கணும். அந்த நம்பர வைப்போவோட குளோபல் பிராண்ட் டேட்டாபேஸ்ல இலவசமா போட்டுப் பாருங்க, ஓனர் பேர் ஒத்துப்போகுதான்னு. இந்தியாவுல அதே பேர் வேற யாராவது வச்சிருக்காங்களான்னும் பாருங்க, ஏன்னா பார்ட்டிக்கு துபாய்ல உரிமை இருக்கலாம், இங்க அதே பேர் வேற ஒருத்தருக்குச் சொந்தமா இருக்கலாம், மார்க் போடுறது இங்க வச்சுங்கிறதால இங்க இருக்கிற ஓனர் கேஸ் போட முடியும். கடிதம் கேட்டதும் முகம் சுளிச்சு வேற காரகானா பாக்குறேன்னு கிளம்புறவர கிளம்ப விடுங்க.

சித்தப்பா விஷயத்துக்கு வர்றேன். யுஏஇல இங்கிலீஷ், அரபு ரெண்டு எழுத்துலயும் விண்ணப்பம் போட்டாச்சு, செலவு எக்கச்சக்கம், சின்னம்மா ரெண்டு வளையல அடகு வச்சாங்க, சர்டிஃபிகேட் இன்னும் வரல. அதுவரைக்கும் அங்க இருந்து வர்ற கம்ப்ளைன்ட் எல்லாம் அவர் போனுக்குத்தான் வருது, ஒவ்வொருத்தருக்கும் பொறுமையா ஓரத்த போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, வெள்ளைத் துணி தெரியுதா பாருங்கன்னு சொல்லிக் குடுக்குறாரு. அந்த நாகர்கோவில் அம்மாவுக்கு மட்டும், அவங்கதான் முதல்ல சொன்னாங்கன்னு, ஒரிஜினல் பை ஒண்ணு ஷார்ஜாவுக்குத் திரும்பிப் போற பையன்கிட்ட குடுத்து விட்டாரு, காசு வாங்கல. பை கிடைச்ச அன்னைக்கே போட்டோ வந்துச்சு, எம்போசிங்க கிட்டத்துல எடுத்து, "அண்ணாச்சி, ரெண்டாவது எழுத்துல கால் உடைஞ்சிருக்கே, இதுவும் டூப்ளிகேட்டா?"ன்னு.

சித்தப்பா வாய்ஸ் மெசேஜ்ல பதில் சொன்னாரு, "இல்லம்மா, அது நம்ம கைல இருந்து கீழ விழுந்த டை."